ஏற்றத்தில் இருப்பவர்

எங்கள் ஊர்ச் சதுக்கத்துக்குக் கீழே உள்ள கடைசி ஏற்றத்தில் சைக்கிள் மிதித்துக்கொண்டிருக்கும் மனிதர் ஊர் வந்து சேராமல் இது ஒன்பதாவது வருடம். சதுக்கத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றால் அவருடைய தலைக்கவசம் தெரியும்; நல்ல கண்ணாக இருந்தால் சட்டைப் பொத்தான்கூடத் தெரியும். நடந்து இறங்கினால் ஒரு காபி ஆறுவதற்குள் அவரிடம் போய்விடலாம். அவர் ஏறி வருவதுதான் நடக்கவில்லை. அவருக்கு மட்டும் அந்த ஏற்றம் நீண்டுகொண்டே போகிறது. பால் வண்டிக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் அது எப்போதும் போல அதே நீளம்தான். புதிதாக வருகிறவர்கள் முதல் நாள் வாயைப் பிளப்பார்கள், இரண்டாம் நாள் படம் எடுப்பார்கள், மூன்றாம் நாள் இந்த ஊரில் சாப்பாடு எங்கே நன்றாக இருக்கும் என்று கேட்பார்கள்.

அவர் வெளியாள் இல்லை. சதுக்கத்துக்குப் பின்னால் இருக்கும் மாடி வைத்த மஞ்சள் வீடு அவருடையதுதான். பழைய யாத்திரைப் பாதையில் ஆட்களைச் சைக்கிளில் கூட்டிவரும் தொழிலை இங்கே தொடங்கியவரும் அவர்தான். பல நூறு வருடங்களுக்கு முன்னால் மூன்று மலை தாண்டி எங்கள் சதுக்கத்தில் இருக்கும் புனிதமான கல்கட்டடத்துக்கு ஜனங்கள் நடந்தே வருவார்களாம். பாவத்தைச் சுமந்துகொண்டு கிளம்புவார்களாம். பாதிப் பேர் வழியிலேயே போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். மீதிப் பேர் அதன் படிக்கட்டில் விழுந்து அழுவார்களாம். அண்ணன் (ஊரே அவரை அப்படித்தான் கூப்பிட்டது) அந்தப் பாதையை ஆறு நாள் விடுமுறையாக மாற்றினார். காலையில் ரொட்டி, மத்தியானம் நிழல், சாயங்காலம் வெந்நீர். பெட்டிகள் வேனில் வந்துவிடும். வெறுங்காலோடு நடந்த பாதையில் பஞ்சு வைத்த கால்சட்டையோடு வந்தார்கள். பாவம் கரைகிறதோ இல்லையோ, தொப்பை கரைந்தால் போதும் என்பவர்களே அவர்களில் அதிகம். அதில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஊரில் நாலு விடுதி வந்தது, இரண்டு காபிக்கடை வந்தது, கைப்பிடிச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள்.

நிறுவனம் என்று பெயர்ப்பலகையில் போட்டிருந்தாலும் அது ஒரு குடும்பம்தான். அண்ணன் எல்லாருக்கும் முன்னால் ஓட்டி வழிகாட்டுவார். அண்ணி அலுவலகத்தில் உட்கார்ந்து அறைகளுக்குச் சொல்லிவைப்பார். அண்ணனின் தங்கை சைக்கிள்களைப் பழுது பார்ப்பாள், பெட்டி வேனை ஓட்டுவாள். தங்கையின் கணவர் எல்லாருக்கும் கடைசியில் ஓட்டுவார். கடைசியில் ஓட்டுவது லேசுப்பட்ட வேலை இல்லை. மூச்சு வாங்குகிறவரோடு தானும் நின்று மூச்சு வாங்க வேண்டும், கழன்ற செயினை மாட்ட வேண்டும், அழுகிறவரைச் சிரிக்க வைக்க வேண்டும், என்ன ஆனாலும் ஒருவரையும் முந்தக் கூடாது. அவருக்குச் சிவப்பு மேல்சட்டை. ஊரில் வைத்த பட்டப்பெயர் வால். விருந்தாளிகள் முன்னால் அண்ணன் அவரைத் தட்டிக்கொடுத்து, தலை இருக்க வால் ஆடலாமா மாப்ள என்று கேலி பேசுவார். வாலும் சேர்ந்து சிரிப்பார். அந்தச் சிரிப்பு தங்கைக்கு ஒருநாளும் பிடித்ததில்லை.

தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. அதைப் போட்டவர் அண்ணன். தொடங்கிய வருடத்தில் ஓர் அம்மாள் மரத்தடியில் தூங்கிப்போய், அரைநாள் அவரைத் தேடி அலைந்த பிறகு போட்ட விதி அது. கடைசி ஆள் சதுக்கத்துக்கு வந்து இறங்கி, பின்னால யாரும் இல்ல என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லும்வரை பயணம் முடியாது. யாரும் அறைக்குப் போகக் கூடாது, படிக்கட்டில் நின்று படம் எடுக்கக் கூடாது, வெந்நீர்கூடக் கிடையாது. விருந்தாளிகள் முனகுவார்கள். அண்ணன் விட்டுக்கொடுக்க மாட்டார். அந்த விதியைப் பற்றிப் பத்திரிகைகளில்கூட எழுதினார்கள்.

அந்த விதியை மீறியதும் அண்ணன்தான். ஒரு மழை நாள். பெரிய பத்திரிகை ஒன்றிலிருந்து படமெடுப்பவர் வந்து காத்திருந்தார். மழை விட்டு, மேகத்துக்கு அடியில் கொஞ்சம் வெயில் எட்டிப்பார்த்தது. கல்கட்டடம் முழுக்கப் பொன் நிறம். அது ஐந்து நிமிடம் நிற்கும், மிஞ்சினால் பத்து நிமிடம். அண்ணன் தலைக்கவசங்களை எண்ணினார். கூட்டிவந்த அத்தனை பேரும் இருந்தார்கள். அங்கேதான் தப்பு நடந்தது என்று பிற்பாடு எல்லாரும் பேசிக்கொண்டோம். கடைசி ஆள் எண்ணுகிறவர். எண்ணிக்கையில் அவரைச் சேர்க்கும் வழக்கம் கிடையாது. அண்ணன் தானே வாய்திறந்து, பின்னால யாரும் இல்ல, வாங்க நில்லுங்க என்றார். படம் அருமையாக வந்தது. ஈரத் தலையோடு எல்லாரும் சிரிக்க, நடுவில் அண்ணன் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

கீழே, கல்குவாரி வளைவில், சேறு வழுக்கி வால் மதகுக்குள் விழுந்து கிடந்தார். தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிர் இருந்தது. கழுத்தில் தொங்கிய விசிலை ஊதினார். குவாரியில் வேலை பார்த்தவருக்கு அது கேட்டது; ஆனால் விசில் எல்லா விருந்தாளிக்கும் கொடுப்பதுதான், முதல் நாளிலிருந்தே ஊதி விளையாடுவார்கள், அதனால் அவர் கண்டுகொள்ளவில்லை. விடுதியில் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்த தங்கை, அவர் எங்கே என்று அண்ணனைக் கேட்டாள். எங்கேயாவது குடிக்கப் போயிருப்பான், தானா வருவான் என்றார் அண்ணன். கல்யாணத்துக்கு முன்னால் வாலுக்குக் குடிப்பழக்கம் இருந்தது உண்மை. அப்புறம் அதை அவர் தொட்டதே இல்லை என்பதும் உண்மை. அண்ணன் சொல்லிவிட்டாரே என்று தங்கை நம்பினாள். நம்பியது மட்டும் இல்லாமல், வரட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்று கோபத்தோடு கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிட்டாள். காலையில் பால் வண்டிக்காரர்தான் பார்த்தார். விசில் அவர் வாயிலேயே இருந்தது.

விசாரணைக்கு வந்தவர்களிடம் அண்ணன் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். இரண்டு தடவை திரும்பிப் போய்த் தேடினேன் என்றார். மத்தியானமே மாப்பிள்ளை மேல் வாடை அடித்தது என்றார். பழைய கெட்ட பெயர் கோந்து மாதிரி, தொட்டால் ஒட்டிக்கொள்ளும். குடித்துவிட்டுத் தன்னிச்சையாகப் பிரிந்து சென்றவர் என்று எழுதி மூடினார்கள். பத்திரிகையில் வந்த படத்தை அண்ணன் பெரிதாக்கி அலுவலகச் சுவரில் மாட்டினார். மாட்டும்போது தங்கைதான் ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அவள் அழவில்லை, ஒரு வார்த்தை சண்டை போடவில்லை. அது நல்லதற்கு இல்லை என்று அப்போதே எங்களில் சிலருக்குத் தோன்றியது.

அடுத்த பயணப் பருவம் தொடங்கியபோது தங்கை, கழுவி மடித்து வைத்திருந்த சிவப்பு மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, இனிமேல் கடைசியில் நான் ஓட்டுகிறேன் என்றாள். ஆறிவிட்டாள் என்று அண்ணனுக்குச் சந்தோஷம். முதல் பயணம் நல்லபடியாக நடந்தது. எல்லாரும் சதுக்கத்துக்கு வந்தார்கள், தங்கையும் வந்தாள், சைக்கிளைச் சாத்தினாள். எல்லாரும் அவள் வாயைப் பார்த்தார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் பெட்டிகளைத் தூக்கப் போய்விட்டாள். அண்ணன் அசட்டுச் சிரிப்புச் சிரித்து, தானே சொல்லி முடித்துவைத்தார். அதற்கடுத்த பயணத்தில் கடைசி ஏற்றம் அவருக்குக் கொஞ்சம் நீண்டது.

முதலில் அவர் அதை வயசு என்று நினைத்தார். டாக்டரிடம் போய் நெஞ்சைப் பார்த்தார். இரும்பு மாதிரி இருக்கிறது என்றார்கள். பிறகு சைக்கிளைச் சந்தேகப்பட்டார். பிரேக் எங்கேயோ உரசுது பாரு என்று தங்கையிடம் கொடுத்தார். அவள் அதைக் கொக்கியில் மாட்டி, சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினாள். அவள் கையைத் துடைத்து முடித்த பிறகும் அது ஓடிக்கொண்டிருந்தது. அவள் வேலையில் களவு கிடையாது; இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. பயணத்துக்குப் பயணம் ஏற்றம் நீண்டது. முன்னால் ஓட்டியவர் நடுவுக்கு வந்தார், நடுவிலிருந்து பின்னால் போனார். அறுபது வயது அம்மாள்கள் கையை ஆட்டிக்கொண்டு அவரை முந்தினார்கள். கடைசியில் அவருக்குப் பின்னால் சிவப்பு மேல்சட்டை ஒன்றுதான் இருந்தது. கடைசி ஆள் யாரையும் முந்தக் கூடாதே, அதனால் தங்கை பொறுமையாக, அவர் பின்சக்கரத்துக்கு இரண்டு ஆள் தூரம் விட்டு வந்துகொண்டிருந்தாள். அவர் நின்றால் நிற்பாள். தண்ணீர் கேட்டால் கொடுப்பாள். அந்த வருடத்தின் கடைசிப் பயணத்தில் விருந்தாளிகள் காத்துக் காத்துப் பார்த்துவிட்டுத் தாங்களே படம் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள். அண்ணன் வரவில்லை.

செய்யாத முயற்சி இல்லை. வேனில் ஏற்றிப் பார்த்தார்கள். தொட்டி நிறைய இருந்த டீசல் தீர்ந்து வேன் நின்றதே தவிர சதுக்கம் பக்கத்தில் வரவில்லை; அவரை இறக்கிவிட்டதும் காலி வேனைத் தள்ளிக்கொண்டே சதுக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தார்கள். மலையைச் சுற்றிப் போய் மறுபக்கத்திலிருந்து வந்தார். அந்தப் பக்கமும் ஏற்றமாகிவிட்டது. நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நாலு பேருக்கும் முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மற்றவர்கள் அவரைத் தாண்டி எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம், அவரும் வேறெங்கே வேண்டுமானாலும் போகலாம். தன் வீட்டுக்குத்தான் வர முடியாது. கொஞ்ச நாள் வேறு ஊரில் போய் இருந்து பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் வரவில்லை என்று திரும்பி வந்து மறுபடி ஏற்றத்தில் மிதிக்கத் தொடங்கினார். பாதி வழியில் இருக்கும் பழைய சுங்கச்சாவடியில் கட்டில் போட்டுக்கொடுத்தார்கள்.

அண்ணி காலையும் சாயங்காலமும் தூக்குப்பாத்திரத்தோடு இறங்குவார், பேசிக்கொண்டிருப்பார், ஏறிப் போவார். மாடியில் துணி காயப்போடும்போது கையை ஆட்டுவார். மகள் கல்யாணத்தை அண்ணன் ஏற்றத்தில் நின்றுதான் பார்த்தார். மாப்பிள்ளையும் பெண்ணும் இறங்கி வந்து காலில் விழுந்துவிட்டுப் போனார்கள். தொழில் மட்டும் படுக்கவில்லை. விடுதிக்காரர்கள் அவர் தெரியும் ஜன்னல் வைத்த அறையை முதலில் கொடுத்தார்கள். தங்கை பயணம் இருக்கும் நாட்களில் கூட்டத்தோடு வருவாள். கடைசி ஏற்றத்தில் கூட்டம் மேலே போய்விடும், அவள் அண்ணனுக்குப் பின்னால் இருட்டும்வரை மிதிப்பாள். இருட்டியதும் சைக்கிளை அங்கேயே சாத்திவிட்டு வீட்டுக்கு நடந்து போவாள். சைக்கிளில் மட்டும் அவரை அவள் முந்தியதே இல்லை.

தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்று ஊர் காத்திருந்தது. ஆடவில்லை. மூன்றாம் வருடமோ நாலாம் வருடமோ, அண்ணி பட்டறைக்குப் போய் அவள் முன்னால் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"பின்னால யாரும் இல்லன்னு ஒரே ஒரு வார்த்தைதானேம்மா. சொல்லிட்டா என்ன கொறஞ்சு போயிடும் உனக்கு?" என்றார் அண்ணி.

"அவர் முதல்ல சொல்லட்டும் அண்ணி. என் வீட்டுக்காரர் குடிக்கலன்னு சொல்லட்டும். திரும்பிப் போய்ப் பாக்கலன்னு சொல்லட்டும். ஊர் கேக்கணும். அப்புறம் நான் சொல்றேன்."

"அவரு உன் கூடப்பொறந்தவரு."

"தெரியும். அதனாலதான் அன்னைக்கு நம்பினேன்" என்றாள் தங்கை, ஸ்பேனரைக் கீழே வைக்காமலே.

அண்ணி இதைக் கொண்டுபோய்ச் சொன்னபோது அண்ணன் கொதித்தார். இரண்டு தடவை திரும்பிப் போனேன் என்று வெறும் ஏற்றத்தில் நின்று கத்தினார். ஒரு பொய்யைப் பல வருடம் சொன்னால் அது சொன்னவருக்கே சொந்தமாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக வேறு என்னென்னவோ தர வந்தார். நிறுவனத்தின் பெயர்ப்பலகையில் மாப்பிள்ளை பெயரைப் போடலாம் என்றார். வளைவில் ஒரு கல் நடலாம் என்றார். கல்லில் நார் உரிக்கலாம், அவளிடமிருந்து ஒரு வார்த்தையை உரிக்க முடியவில்லை. அவளும் இளைத்துப்போனாள். மறுகல்யாணத்துக்கு வந்த இரண்டு நல்ல இடங்களை வேண்டாம் என்றாள். பழிக்கு யார் சமைத்துப் போடுகிறார்களோ அவர்களும்தான் பட்டினி கிடக்கிறார்கள் என்று காபிக்கடைக்காரர் சொன்னார். சொன்னதோடு சரி, அவள் வரும்போது காபியைச் சூடாகத்தான் கொடுத்தார்.

அண்ணனை உடைத்தது பேரன்தான். நடக்கப் பழகிய குழந்தையை அண்ணி கீழே கூட்டிவந்தார். அவன் தாத்தாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, வீட்டுக்கு வா என்றான். சரி வா போகலாம் என்று அண்ணன் அவனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். மத்தியானம் நடக்கத் தொடங்கியவர் வெயில் சாயும்வரை நடந்தார். குழந்தைக்குப் பசித்தது, அழுதான், சட்டையை நனைத்தான், மறுபடி அழுதான். அண்ணன் விடாமல் நடந்தார். கடைசியில் அண்ணி அவர் கையிலிருந்து பிள்ளையை வாங்கிக்கொண்டு, பாட்டு ஒன்று முடிவதற்குள் வீட்டுக்குப் போய் விளக்கைப் போட்டார். அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு அண்ணன் தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த பயணம் வந்து சேர்ந்த சாயங்காலம் விருந்தாளிகள் சதுக்கத்தில் நின்றார்கள், கடைக்காரர்கள் நின்றார்கள், அண்ணி கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே அண்ணன் சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றினார். பின்னால் தங்கையும் ஊன்றினாள். காற்று மேலே வீசியது. பக்கத்தில் பேசுவது போல எங்களுக்குக் கேட்டது.

"மாப்ள குடிக்கல" என்றார் அண்ணன், முன்னால் பார்த்தபடி. "வாடை அடிச்சதுன்னு நான்தான் பொய் சொன்னேன்."

"என்னைப் பாத்துச் சொல்லு."

அவர் திரும்பினார். இத்தனை வருடத்தில் அவர் அவளைத் திரும்பிப் பார்த்து நாங்கள் பார்த்ததில்லை. "குடிக்கல. நான் தேடியும் போகல. ஒரு தடவைகூடப் போகல."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். விசாரணையில் மூடிய விஷயம் ஊர் நடுவில் திறந்துவிட்டது. செத்தவர் பெயர் சுத்தமாகிவிட்டது. தங்கையின் முகம் தளர்ந்ததை நாங்கள் பார்த்தோம். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். அந்த வார்த்தை வந்துகொண்டிருந்தது, சத்தியமாக வந்துகொண்டிருந்தது. ஆனால் அண்ணனால் நிறுத்த முடியவில்லை. வாந்தி எடுக்கத் தொடங்கினால் உள்ளே இருப்பது எல்லாம்தானே வரும்.

"விசில் கேட்டுச்சும்மா" என்றார். "படத்துக்கு நிக்கும்போதே கேட்டுச்சு. அது மாப்ள விசில்தான்னு எனக்குத் தெரியும். வெளிச்சம் போயிடுமேன்னு... படம் முடியட்டும்னு நின்னேன். முடிஞ்சப்புறம் விசில் நின்னுடுச்சு. சரி, எந்திரிச்சுட்டான்னு நினைச்சுக்கிட்டேன்."

மறதி என்றுதான் அத்தனை வருடமும் நினைத்திருந்தோம். எண்ணிக்கையில் விழுந்த தப்பு, அதை மறைக்கச் சொன்ன பொய் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள். அதற்குத்தான் அவள் விலை வைத்திருந்தாள். இதற்கு அவள் விலையே வைக்கவில்லை.

தங்கை வாயை மூடிக்கொண்டாள். சைக்கிளைச் சாய்த்து வைத்தாள். அண்ணன் பக்கத்தில் வந்து அவருடைய இருக்கையை அழுத்திப் பார்த்தாள்.

"சீட்டு இறங்கியிருக்கு. இப்படியே மிதிச்சா முட்டி போயிடும்" என்றாள். பையிலிருந்து ஸ்பேனரை எடுத்து, இருக்கையை ஒரு விரல் உயர்த்தி, திருகாணியை முறுக்கி, கையைத் துடைத்துக்கொண்டாள். "ஏறு அண்ணா. நான் பின்னாலதான் வர்றேன்."

அண்ணன் ஏறி மிதித்தார். அவள் இரண்டு ஆள் தூரம் விட்டுப் பின்னால் போனாள்.

கேட்டது கிடைத்த பிறகும் இப்படிச் செய்யலாமா என்று ஊரில் பாதிப் பேர் பேசினார்கள். மீதிப் பாதிக்கு அப்படிப் பேச வாய் வரவில்லை. இதை எழுதுகிறவனும் அந்தப் பாதியைச் சேர்ந்தவன்தான். அந்த வாரமே அண்ணி சுவரிலிருந்த படத்தைக் கழற்றி அடுப்பில் வைத்தார். விசாரணை அலுவலகத்தில் எழுதியதைத் திருத்தி எழுதிக் கொடுத்தார்கள். தொழிலை இப்போது அண்ணிதான் நடத்துகிறார். கடைசி ஏற்றத்தில் இடது ஓரமாக வாருங்கள், முன்னால் ஒருவர் ஓட்டிக்கொண்டிருப்பார், மணி அடிக்காமல் தாண்டி வாருங்கள் என்று விருந்தாளிகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். நகராட்சி அங்கே ஒரு விளக்குக் கம்பம் நட்டிருக்கிறது. போன மாதம் அண்ணனின் செயின் தேய்ந்து அறுந்துவிட்டது. தங்கை இருப்பதிலேயே நல்ல செயினாக வாங்கி வந்து, ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணெய் விட்டு மாட்டிக்கொடுத்தாள். அது பல வருடம் தாங்கும் என்கிறாள்.